கதவைப் பார்த்து வாங்கிய வீடு

என் அத்தானை ஊரில் எல்லோரும் ‘சாவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி, தாழ்ப்பாள் மாட்டுவது, இதுதான் தொழில். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் இரும்புப் பெட்டிக் கடை. அதில் அவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவர் எட்டிப் பார்க்கத்தான் முடியும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருப்பார். காது மடலில் மெல்லிய கம்பி ஒன்று எப்போதும் செருகியிருக்கும். பூட்டைக் குடைவதும் அதால்தான், காதைக் குடைவதும் அதால்தான். அக்கா திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் மனிதர்களைப் பார்க்கமாட்டார், கதவைத்தான் பார்ப்பார். அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்றைக்கு, அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இந்தக் கீல் தேய்ஞ்சிருக்கே, எண்ணெய் போடறதில்லையா?” என்று கேட்டவர். அப்பா எழுந்து போய்க் கதவை ஆட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா சிரித்துவிட்டாள். மறுநாள் எண்ணெய்ப் புட்டியோடு வந்து, கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அவள் அந்த எண்ணெயில்தான் வழுக்கி விழுந்தாள் என்று நான் இன்றைக்கும் கேலி செய்வேன்.

அக்கா தையல்காரி. ஒரு பேருந்து விபத்துக்குப் பிறகு அவளுடைய கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தையல் மெஷினை விற்றுவிட்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள். கம்பெனியிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும், மூட்டையாகப் போகும். அந்த வீட்டில் எங்கே கை வைத்தாலும் ஒரு பட்டன் தட்டுப்படும். கண்ணில் படுகிற வட்டமான எதுவும் அவளுக்குப் பட்டன்தான்.

நான் அவளுக்கு ஒரே தங்கை. கல்யாணம் கட்டவில்லை, கட்டிக்கொள்ளத் தோன்றவும் இல்லை. மேட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஓர் அறை சும்மா கிடக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து, என்னோடு வந்து இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசலில் படி இருக்கிறதே என்பாள். மேட்டில் கட்டிய வீடு எதற்குத்தான் படி இல்லை? ஒரே ஒரு தடவை வந்தாள். அத்தானும் இன்னொருவரும் நாற்காலியோடு அவளைத் தூக்கி ஏற்றினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். உள்ளே வந்ததும், “மேஜைய தூக்கற மாதிரி தூக்கிட்டு வந்தாங்கடி. இனிமே என்னைக் கூப்பிடாத,” என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அதனால் அத்தான் படியில்லாத வீடாகத் தேடி அலைந்தார். படியில்லாத வீடு என்றால் ஆற்றுப் பக்கத்தில் இருக்கிற வரிசை வீடுகள்தான். ஒரே ஒப்பந்தக்காரர் அச்சில் வார்த்த மாதிரி கட்டிய வீடுகள். நாற்காலி தங்குதடையில்லாமல் உள்ளே போகும், வெளியே வரும். ஆனால் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் வந்த பெருவெள்ளத்தில் அந்த வரிசை முழுவதும் தண்ணீரில் நின்றது. எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் கிடந்தார்கள். நானும் மேட்டிலிருந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில் தண்ணீர், நடுவே கூரைகள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது முழங்காலளவும் ஒன்றுதான், கழுத்தளவும் ஒன்றுதான்.

வரிசையின் கடைசி வீடு விலைக்கு வந்தது. அத்தான் போய்ப் பார்த்தார். சுவர்களுக்கெல்லாம் வெள்ளம் வடிந்ததுமே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வழக்கம்போல வாசல் கதவைச் சாத்தி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் கதவுகளுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் பெயின்ட் அடித்திருந்தார். உள்பக்கம் வெறும் மரம். அந்த மரத்தில், தண்ணீர் நின்ற அளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. கணுக்கால் உயரம். அத்தான் குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாராம். இருந்ததையெல்லாம் திரட்டி அந்த வீட்டை வாங்கிவிட்டார்.

“ஆத்துக்குப் பக்கத்துல போறீங்களே அத்தான்,” என்று கேட்டேன்.

“அவ்வளவு பெரிய வெள்ளத்துக்கே கணுக்கால்தான் வந்திருக்கு. மனுஷன் ஆயிரம் சொல்லுவான். கதவுக்கு யாரை ஏமாத்தணும்?”

கதவு விஷயத்தில் அவரிடம் யார் வாய் கொடுப்பது?

அக்காவும் அத்தானும் அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அத்தான் கடையை மூடிவிட்டு சைக்கிளில் வரும்போது, தெரு முனையில் பேக்கரி வீட்டைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்திவிடுவார். சைக்கிள் தானாக உருண்டு கடைசி வீட்டுக்கு வந்து நிற்கும். “வீட்டுக்குப் போற ஆசை எனக்கு மட்டுமில்ல, வண்டிக்கும் இருக்கு,” என்பார். அக்காவின் நாற்காலியும் அப்படித்தான். தெரு முனையில் கையை எடுத்துவிட்டால் போதும், வீட்டைப் பார்த்து ஓடும். நாங்கள் மூன்று பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சைக்கிள் ஏன் தானாக உருள்கிறது என்று மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றவில்லை.

போன வருடம் வெள்ளக் காப்பீடு வந்தது. ஆற்றோரம் இருக்கிற வீடுகள் எல்லாம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், வீட்டுக்கு வீடு வந்து பார்ப்பார்கள், ஆபத்து எவ்வளவோ அவ்வளவு பிரீமியம் என்று அறிவித்தார்கள். அளவெடுக்க ஓர் ஆள் வந்தார். சின்ன வயது, கையில் டேப்லட், இடுப்பில் இஞ்சுடேப். நல்ல பையன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் டேப்லட்டைப் பார்த்துவிட்டுத்தான் நம்மைப் பார்ப்பார்.

“மேப்புல உங்க வரிசை முழுக்க ஒரே கலர்தான் சார் காட்டுது,” என்றார் அத்தானிடம். “அதனால வீட்டுல என்ன அடையாளம் இருக்கோ அத வச்சுத்தான் போடறோம். சுவத்துல ஒண்ணுமில்ல. கதவ சாத்துங்க.”

அத்தான் கதவைச் சாத்தினார். தான் செய்த கதவு மாதிரி முகத்தில் ஒரு பெருமை.

“கணுக்கால் அளவுதான். இந்த வரிசையிலயே உங்களுதுதான் பாதுகாப்பான வீடு சார். பிரீமியம் ரொம்ப கம்மியா வரும்.”

அன்றைக்கு அத்தான் பேருந்து நிலையத்தில் இருந்த கடைக்காரர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் கடைக்கும் ஒன்று வந்தது. ஆறிப் போயிருந்தாலும் குடித்தேன்.

அடுத்த நாள் பேக்கரிக்காரர் வந்தார். தெரு முனையில் முதல் வீடு அவருடையது. பருத்த மனிதர், எந்நேரமும் கைமுட்டி வரை மாவு. நானும் அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். வந்தவர் வாசலில் நின்றபடி நலம்கூட விசாரிக்கவில்லை.

“சாவி, கொஞ்சம் கதவ சாத்துங்க.”

“ஏண்ணே?”

“சாத்துங்க, சொல்றேன்.”

அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் அவர் மூச்சு வாங்க முழங்காலிட்டு, கைப்பிடிக்குக் கீழே ஒரு மூலையைத் தடவினார். அங்கே மரம் கருகி, ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. நாங்கள் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

“இதோ இருக்கான்,” என்றார் பேக்கரிக்காரர். “இது என் கதவு. அடுப்புலேர்ந்து எடுத்த தட்ட எங்கம்மா இதுமேலதான் சாச்சு வைப்பாங்க. அந்தச் சூட்டுத் தழும்பு இது.”

விஷயம் இதுதான். பேக்கரிக்காரர் வீட்டுக் கதவில் கோடு கழுத்தளவுக்கு இருந்திருக்கிறது. அளவெடுக்க வந்தவர் அதைப் பார்த்து பிரீமியத்தைத் தீட்டிவிட்டுப் போய்விட்டார். தன் வீட்டில் கழுத்தளவு தண்ணீர் வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று பேக்கரிக்காரர் கத்தியிருக்கிறார். கதவு சொல்கிறதே என்று அளவெடுத்தவர் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது, சூட்டுத் தழும்பு எங்கே போயிற்று என்று. இத்தனை வருடமும் அது தண்ணீரில் கரைந்து போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாராம் அந்த மனிதர். தழும்பு எங்கேயாவது கரையுமா? காலையிலிருந்து வீடு வீடாகப் போய், கதவைச் சாத்துங்கள், கதவைச் சாத்துங்கள் என்று தன் கதவைத் தேடிக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

“உங்க கதவு எங்க வீட்டுக்கு எப்படிண்ணே வரும்?” என்றார் அத்தான். அவருக்கு முகமே வெளுத்துவிட்டது.

“வெள்ளம் வடிஞ்சதும் எல்லாக் கதவும் ஊறிப் போச்சு. கழட்டி, மேட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவத்துல சாச்சுக் காய வச்சோம். காஞ்சதும் ஆளுங்க வந்து மாட்டினாங்க. எல்லாம் ஒரே அளவு. எது யாரோடதுன்னு எவன் பாத்தான்?”

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “அப்போ எங்க கதவு எது?” என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. அதுதான் என் அத்தானுக்குப் பிடித்த சனி. அந்த வீட்டை அவர் வாங்கியதே அந்தக் கோட்டை நம்பித்தான். எழுந்து ஓட முடியாத மனைவியைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். கோடு இன்னொருத்தர் வீட்டுக் கோடு என்றால், இந்த வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு வந்தது? மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பேக்கரிக்காரர் கதவை உடனே மாற்றித் தரச் சொன்னார். அத்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றார். பிறகு கடையைத் திறக்காமல் தெருவில் இறங்கி விசாரிக்க ஆரம்பித்தார். கூடவே நானும் போனேன், தனியாக விட்டால் எந்த வீட்டுப் பூட்டையாவது ரிப்பேர் செய்ய உட்கார்ந்துவிடுவார்.

விசாரித்தது இன்னும் மோசமாகப் போயிற்று. நடுவீட்டு லாரி டிரைவர் நேர்மையான மனிதர், அவரைத்தான் முதலில் கேட்டோம்.

“உங்க வீட்டுல எவ்வளவு தண்ணி வந்ததுண்ணே?”

“நிவாரணம் குடுக்க வந்தப்ப கழுத்தளவுன்னு சொன்னேன். இப்ப இன்ஷூரன்ஸுக்குக் கணுக்கால்னு சொன்னேன்.”

“நெஜமா எவ்வளவு?”

அவர் தன் முழங்காலைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். “அதான் எனக்கும் புரியல. ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லி, எது நடந்ததுன்னே மறந்துபோச்சு,” என்றார்.

அவருடைய மனைவி இடுப்பு என்றாள். அவருடைய மகன் மார்பு என்றான். அப்போது அவனுக்கு என்ன உயரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியார், ஓய்வு பெற்றவர். தண்ணீர் ஒருபக்கம் உயர்ந்தும் ஒருபக்கம் தாழ்ந்தும் நிற்காது, எல்லா வீட்டிலும் ஒரே அளவுதான் வந்திருக்கும் என்று விளக்கினார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கோடுகள் ஏன் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன என்று அத்தான் கேட்டார். வாத்தியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் உள்பக்கத்தில் முழங்கால் அளவுக்குக் கோடு இருக்கிறது, பூட்டு மாட்டப் போனபோது பார்த்தேன் என்று அத்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பேக்கரியைத் தாண்டியதும் சைக்கிள் அவர் கையை இழுத்தது. அவர் நின்றுவிட்டார். சைக்கிளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது எதுக்கு இப்படி ஓடுது?” என்றார்.

தெரு கடைசி வீட்டைப் பார்த்துச் சரிந்து இறங்குவது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கதவுதான் மாறிப்போனது, கதவைத் தாங்குகிற நிலை சுவரோடு இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நிலைக்குப் பல தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது, கோடு தெரியாது. ஆனால் நிலையின் மேல் சட்டத்தில் தாழ்ப்பாள் போய் உட்கார ஒரு துளை உண்டு. மேல் தாழ்ப்பாளை யாரும் போடுவதில்லை, அதனால் அதை யாரும் சுத்தம் செய்வதும் இல்லை. அத்தான் காது மடலிலிருந்து கம்பியை உருவி அந்தத் துளைக்குள் விட்டுக் குடைந்தார். அவர் உள்ளங்கையில் மண் கொட்டியது. நைசான, சாம்பல் நிற மண்.

தரையில் நின்றால் அந்தத் துளை அவர் தலைக்கு மேலே இருக்கும். ஆற்றுத் தண்ணீர் அதுவரை வந்திருந்தால்தான் அங்கே ஆற்று மண் இருக்க முடியும்.

அவர் மண் சிந்தாமல் உள்ளங்கையை மூடிக்கொண்டு இறங்கினார். ஆனால் பக்கத்தில் அக்கா இருந்தாளே, அவள் விடவில்லை. “குளவி கூடு கட்டியிருக்குங்க. குளவி ஓட்டைய மண்ணு வச்சுத்தான் அடைக்கும்,” என்றாள்.

அதுவும் உண்மைதான். குளவி துளையைக் கண்டால் விடுமா? அத்தான் மண்ணை மோந்து பார்த்தார், விரலால் நசுக்கிப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? குளவி மண்ணும் ஆற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். அன்றைக்கு மாலை முழுவதும் அவர் அந்த மண்ணை ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு, ஆற்று மண், குளவி மண், ஆற்று மண் என்று முனகிக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுபோயிற்று.

“என்னை வச்சுத்தான் இவ்வளவு குழம்பறீங்களா?” என்று கேட்டாள்.

“உன்னை வச்சுத்தான்,” என்றார் அத்தான். அவர் அப்படி நேராகப் பேசி நான் கேட்டதில்லை. “தண்ணி வர்றப்போ நான் கடையில இருப்பேன். நீ கட்டில்ல இருப்பே.”

அக்கா கட்டிலில் படுத்திருக்கும்போது எதைப் பார்ப்பாள்? பரணைத்தான். கட்டிலுக்கு நேர் மேலே, கதவு நிலையின் உயரத்தில் சிமென்ட் பரண் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் அதன் அடிப்பக்கத்தைத் தொடுவதில்லை. அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்? படுத்துக் கிடக்கிறவளுக்குத்தான் அது தெரியும். அன்றைக்கு அவள் கட்டிலுக்கு மாறிப் படுத்ததும் மேலே கையைக் காட்டினாள்.

“அங்க ஒரு பட்டன் ஒட்டிக்கிட்டிருக்கு. வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். முன்னாடி இருந்தவங்க பிள்ளைங்க யாரோ ஒட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன். அத எடுங்க, பாக்கலாம்.”

அத்தான் கட்டில் விளிம்பில் ஏறி, கம்பியால் நெம்பி அதை எடுத்தார். அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். பட்டன் அளவுதான், வட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குத் துளையில்லை. அது ஒரு நத்தை ஓடு. ஆற்றில் கல்லோடு ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்த நத்தை. அதைச் சுற்றிலும் பரணின் அடியில் சாம்பல் நிறப் படலம் இருந்தது. அதே மண்.

நத்தையைக் குளவி தூக்கிக்கொண்டு போகாது. அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் தினமும் ஆற்றுக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

மறுநாள் அத்தான் நத்தை ஓட்டை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். அளவெடுக்க வந்தவர் அங்கேதான் இருந்தார். கதவு மாறிய கதையைச் சொல்லி, நத்தையை மேஜையில் வைத்தார். அவர் நத்தையைப் பார்த்தார், டேப்லட்டைப் பார்த்தார்.

“சார், இதுல சுவர் அடையாளம் இருக்கு, கதவு அடையாளம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க வாக்குமூலம் இருக்கு. நத்தைக்குக் கட்டம் இல்ல.”

“எதிலயாவது போடுங்க சார்.”

“இதர-ன்னு ஒண்ணு இருக்கு, அதுல போடலாம். ஆனா போட்டா உங்க பிரீமியம் ஏறும். வேண்டாம்னா அப்படியே விட்டுடலாம். எப்படிப் போட்டாலும் நாளைக்கு வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் வரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு?”

அந்தப் பையன் முதல் தடவையாக டேப்லட்டைப் பார்க்காமல் பதில் சொன்னாராம். “சார், நாங்க எழுதறது சுவருக்கும் கூரைக்கும்தான். உள்ள இருக்கறவங்கள நீங்கதான் பாத்துக்கணும்.”

அத்தான் அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் மாதிரி வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும், “உன் வீட்டுப் படிய அளந்துக்கட்டுமா?” என்று கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஜெராக்ஸ் மெஷினை அணைத்தேன். “அளந்துக்குங்க, அதுக்கு எதுக்கு வரிசை?” என்று எரிந்து விழுந்தேன்.

என் வீட்டுப் படிகள் தாழ்வானவை, ஆனால் அகலமானவை. அதன்மேல் சரிவாகப் பலகை போட்டால் நாற்காலி ஏறும். அதற்கு நல்ல கெட்டியான, நீளமான பலகை வேண்டும். வெள்ளத்திலேயே ஊறிக் காய்ந்தும் விரியாத மரம் எது என்று அத்தானுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய் வாசல் கதவைக் கீலிலிருந்து கழற்றினார். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போவதைப் பேக்கரிக்காரர் பார்த்துவிட்டார். தன் கதவைத்தான் கொண்டுவந்து தருகிறார் என்று வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். அத்தான் விஷயத்தைச் சொன்னார். பேக்கரிக்காரர் மாவுக் கையால் தலையைச் சொறிந்தார்.

“ஒரு கதவு பத்தாது. சரிவு செங்குத்தா வரும், தங்கச்சியால நாற்காலிய ஏத்த முடியாது,” என்றார். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கழுத்தளவுக் கோடு போட்ட கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். “இதையும் போடுங்க. இது என் வீட்டுல மாட்டியிருக்கிற வரைக்கும் எனக்கு பிரீமியம் குறையாது.”

இதில் எவ்வளவு பாசம், எவ்வளவு சுயநலம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்த மனிதருக்கே பிடிபட்டிருக்காது.

இரண்டு கதவுகளையும் முன்னும் பின்னுமாக வைத்து, நடுவில் கீல் போட்டு இணைத்தார் அத்தான். வழுக்காமலிருக்கக் குறுக்கே சட்டங்கள் அடித்தார். பக்கச் சுவரில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியைக் கைப்பிடியாகப் பொருத்தினார். அக்கா வந்தாள். பின்னால் பிடிக்கப் போன அத்தானை, “தள்ளாதீங்க, விழுந்தா பிடிச்சுக்குங்க போதும்,” என்றாள். கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு ஏறினாள். கீல் இருந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நான் மேலே நிலைப்படியில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தேன். கடைசிச் சட்டத்தையும் தாண்டி உள்ளே வந்ததும், “காபி இருக்கா?” என்று கேட்டாள், ஏதோ பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வந்த மாதிரி. அவள் வேறு யாரும் தூக்காமல் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

சில நாளில் அளவெடுக்கிற பையன் மறுபடியும் வந்தார். அத்தான் சொல்லி நத்தையை இதரவில் போட்டிருந்ததால் மேலதிகாரிகள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கடைசி வீட்டில் கதவே இல்லை. முதல் வீட்டிலும் இல்லை. ஊருக்கெல்லாம் பூட்டு போடுகிறவர் தன் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு மேட்டில் இருக்கிறார் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன் மேட்டுக்கு வந்து, சரிவின்மேல் ஏறி நின்றுகொண்டு, கதவு எங்கே சார் என்று கேட்டார். அதன்மேல்தான் நிற்கிறீர்கள் என்றார் அத்தான். அதற்கும் கட்டம் இருந்திருக்காது.

மழை வந்தது. ஆறு நிரம்பியது. மேட்டிலிருந்து நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வரிசையின் தாழ்ந்த முனையில் புகுந்தது, வந்த வேகத்திலேயே வடிந்தும் போயிற்று. கடைசி வீட்டில் எவ்வளவு வந்தது தெரியுமா? கணுக்கால் அளவு. அந்தக் கதவில் இருந்த கோட்டின் உயரத்துக்குச் சரியாக.

தெருவே சிரித்தது. கணுக்கால் தண்ணிக்குக் கதவைக் கழற்றிக்கொண்டு ஓடின ஆள் என்று டிரைவர் கேலி செய்தார். வாத்தியார் மட்டும் தன் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அத்தான் என் வாசலில் சரிவாகக் கிடந்த கதவின் கணுக்கால் கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு சொன்னதும் சரியாக இருக்கிறது, நத்தை சொன்னதும் சரியாக இருக்கிறது. இந்த மனிதர் எதை நம்புவார்? மறுநாள் கையில் திருப்புளியோடு என் வாசலில் வந்து குந்தினார்.

“என்ன அத்தான்?”

“வீடு தொறந்து கிடக்கு. கதவக் கொண்டுபோய் மாட்டிடறேன். கணுக்கால்தானே வந்தது,” என்றார். குரலில் உறுதியில்லை.

நான் போய் அந்தக் கதவின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தண்ணீரைப் பற்றி எனக்கு அவர் அளவுக்குக்கூடத் தெரியாது. என் அக்கா அவள் கையாலேயே இழுத்துக்கொண்டு ஏறி வந்த வழி அது, அதை யாரும் எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே அக்கா சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டன் டப்பாவில் அந்த நத்தை ஓடும் கிடக்கிறது, பட்டன் எடுக்கும்போதெல்லாம் அது கையில் வந்துகொண்டேயிருக்கும். அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

“ஏங்க, அடுத்த தடவை எதுவரைக்கும் வரும்?”

“தெரியலியே,” என்றார் அத்தான்.

“எனக்கும் தெரியல. தெரியற வரைக்கும் அது அங்கயே கிடக்கட்டும்.”

அத்தான் அவளைப் பார்த்தார், கதவின்மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டார். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு கதவுகளும் சேர்கிற கீலுக்கு எண்ணெய் போட்டார்.